பாக்கெட்டுல கெடந்த மாத்திரை

இதானே சார் நீங்க தேடி வந்தது? பாருங்க, அட்டை கசங்கல, ஒண்ணுகூட ஒடையல. நான் பாக்காம விட்டிருந்தா இந்நேரம் உங்க பேண்ட்டோட சேந்து மெஷின்ல குளிச்சிருக்கும். அப்புறம் இந்த ஹோட்டல்ல படுக்குற அத்தன பேருக்கும் தலகாணி உறையில இருந்தே வைத்தியம் நடந்திருக்கும். சிரிங்க சார், சிரிச்சா காசா கேக்கப் போறேன்.

கூச்சப்படாதீங்க. இந்தச் சலவை ரூமுக்கு இறங்கி வர்றவங்க எல்லாருமே இப்படித்தான், என்னமோ திருடி மாட்டிக்கிட்ட மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவாங்க. போன வருஷம் ஒரு பெரியவரு பல்லு செட்டத் தேடி வந்தாரு. கேக்கணும்னா வாயத் தொறக்கணும், தொறந்தா பல்லு இல்ல. வாயப் பொத்திக்கிட்டு கையாலயே கேட்டாரு. நானும் கையாலயே பதில் சொல்லிக் குடுத்தனுப்பிச்சேன். அவரு லிஃப்டுல ஏறுன பிறகு நாங்க சிரிச்ச சிரிப்புல ரெண்டு மெஷின நிறுத்த மறந்துட்டோம்.

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம் சார், அதுக்கு மூணு கால்தான் சொந்தம், நாலாவது செங்கல்லு. இந்தத் துண்டு மூட்டை மேல உக்காருங்க. தொவச்சதுதான், பயப்படாதீங்க. இவ்வளவு மெத்துன்னு உங்க ரூம்லகூட கெடைக்காது.

மாத்திரையா? தர்றேன் சார். உங்க பொருளு, நான் வச்சு என்ன பண்ணப் போறேன். ரெண்டு வார்த்த கேட்டுட்டுத் தர்றேன். மூணு மணிக்குத்தான் உங்க பஸ்ஸுன்னு ரிசப்ஷன் பொண்ணு சொல்லுச்சு. மேல போயி செவுத்தத்தானே பாக்கப் போறீங்க. அதுக்கு என் மூஞ்சியப் பாருங்க, செவுத்தவிட ஒண்ணும் மோசமில்ல.

எனக்கு என்ன வேலையா? பாக்கெட்டு பாக்குறவ சார். அதான் என் உத்தியோகம். மேலேருந்து மூட்டை அந்தச் சரிவு வழியா வந்து விழும். ஒவ்வொண்ணா எடுத்து உதறி, பாக்கெட்ட வெளிய இழுத்து, கறை இருந்தா ஒரு பக்கம், பட்டன் போயிருந்தா ஒரு பக்கம். பதினோரு வருஷமா ஊரான் பாக்கெட்டுக்குள்ள கைய விட்டுத்தான் சம்பளம் வாங்குறேன். இதையே பஸ்ஸுல செஞ்சா அதுக்குப் பேரு வேற.

படிப்பா? மூணாங்கிளாஸ். அதுக்கு மேல இருந்தா நான் பேசுற பேச்சுல வாத்தியாரு வேலைய விட்டுட்டுப் போயிடுவாருன்னு என்னையே அனுப்பிட்டாங்க. எழுத்துன்னா எனக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான். ஆனா துணி படிப்பேன் சார். உங்களையே எடுத்துக்கோங்க. இருநூத்திப் பதினாலாம் ரூம். மாசம் ஒருக்கா வர்றீங்க, மூக்குக்கண்ணாடி ஃப்ரேம் விக்கிறீங்க. பாக்கெட்டுல எப்பவும் அந்தப் பொடி ஸ்க்ரூ ரெண்டு கெடக்கும், அது எங்க மெஷினுக்கு எமன். முன்னெல்லாம் சாப்பாட்டு பில்லு கத்தையா இருக்கும், நல்லா சாப்பிடுற மனுஷன்னு நெனச்சுக்குவேன். இப்ப நாலஞ்சு மாசமா வெறும் ரொட்டி பாக்கெட்டுக் காகிதமும் முதுகுவலி மாத்திரை அட்டையும்தான். கூடவே இது, இந்தப் பழுப்பும் வெள்ளையும்.

இத எந்த டாக்டரு எழுதிக் குடுத்தாரு சார்?

சரி. எப்ப?

ஒன்ற வருஷத்துக்கு முன்னாடியா! எத்தன நாளைக்கு எழுதினாரு? ஒரு மாசத்துக்கு. அப்ப மிச்சம் பதினேழு மாசத்துக்கு யாரு எழுதினா, நீங்களா? ஓ, காலி அட்டையக் காட்டினா மருந்துக்கடையில குடுத்துடுறாங்க. ஊருக்கு ஊரு கடை. அப்படிப் போடுங்க. திரும்ப அந்த டாக்டரப் போயி பாக்கவே இல்ல. நெஞ்செரிச்சல் போயிடுச்சு, பின்ன எதுக்குப் போகணும், அதானே? தெரியும் சார், நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நானும் அதே மருந்துக்கு அதே நியாயம் பேசினவதான்.

இந்த மாத்திரைய எனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க. முட்டிவலிக்கு ஒரு மாத்திரை குடுத்தாங்க, அது வயித்த அறுக்கக் கூடாதுன்னு கூடவே இதக் குடுத்தாங்க. சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, சின்னப் பொண்ணுதான், விரல விட்டு எண்ணிக் காட்டுச்சு. பதினாலு நாளு. காலையில வெறும் வயித்துல, சாப்பிட அரைமணி நேரம் முன்னாடி, முழுசா முழுங்கணும். பதினாலு நாளுக்கு அப்புறமும் எரிஞ்சா எங்கிட்ட வா, நீயா வாங்கிப் போடாத. அந்தப் பொண்ணு தெளிவாத்தான் சொல்லுச்சு சார், பொய் சொல்லக் கூடாது. இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டது நான்தான்.

ஏன்னா பாக்கெட்டுல தேடாமயே வந்து விழுது! எழுத்து தெரியலன்னா என்ன, கலரு தெரியுமே. பெரிய பெரிய மனுஷங்க பேண்ட்டுலயெல்லாம் அதே பழுப்பும் வெள்ளையும். இந்த உலகத்துல முக்காவாசிப் பேரு வயித்துல அடுப்ப வச்சுக்கிட்டுத்தான் திரியுறாங்க போல. அவங்கல்லாம் தேடி வர மாட்டாங்க, வேற வாங்கிக்குவாங்க. ரூல் என்னன்னா, மாத்திரை கெடைச்சா சூப்பர்வைசர்கிட்ட குடுக்கணும், அவரு குப்பையில போடுவாரு. நல்ல பொருளக் குப்பையில போடுறதான்னு நான் ஒரு டப்பாவுல சேத்தேன். பட்டன் டப்பாக்குப் பக்கத்துல மாத்திரை டப்பா.

அப்புறமென்ன, எனக்குப் பேரே டாக்டரம்மா. காலையில ஷிஃப்டு ஆரம்பிக்கும்போது மெஷின்காரரு வந்து நிப்பாரு, டாக்டரம்மா நேத்து விருந்துன்னு. நெட்டை வந்து நிப்பா, அதான் அங்க துண்டு மடிக்கிறாளே, அவதான். டாக்டரம்மா எனக்கு ஏப்பம்னு. நானும் நாக்க நீட்டச் சொல்லிப் பாத்துட்டு ஒண்ணு குடுப்பேன். நாக்குல என்ன தெரியும்னு கேக்காதீங்க, டாக்டருங்க பாக்குறாங்க, நானும் பாத்தேன்.

ஒருநாளு அந்த நெட்டைக்கு பழுப்பும் வெள்ளையும் குடுத்தேன். கலரு அதே கலரு. மருந்து வேற மருந்து போல, யாரு கண்டா. துண்ட மடிச்சுக்கிட்டு இருந்தவ அப்படியே துண்டு மேல மடங்கிட்டா. உலுக்குனா அசையல, தண்ணி தெளிச்சா அசையல. சாயங்காலம் கண்ணத் தொறந்து, விடிஞ்சிடுச்சான்னு கேட்டா. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சோம். வீட்டுக்குப் போன பிறகுதான் சார் யோசிச்சேன். அவளுக்கு ஒண்ணு ஆயிருந்தா? அதோட நிறுத்தியிருக்கணும். நிறுத்தினேன், மத்தவங்களுக்கு. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் நிறுத்தல. அது வேற கதை.

உங்க கதைக்கு வர்றேன். பெல்ட்டு. போன தடவ நீங்க பேண்ட்டோட சேத்துப் பெல்ட்டயும் போட்டு அனுப்பிட்டீங்க, ஞாபகம் இருக்கா? ஆணி வச்சுக் குத்துன மாதிரி புதுசா ரெண்டு ஓட்டை. இந்தத் தடவயும் பெல்ட்டு வந்துச்சு, இன்னும் ரெண்டு ஓட்டை. பேண்ட்டு இடுப்புல பின்னாடி கையளவு புடிச்சுத் தச்சிருக்கு. வீட்டுல யாரு, உங்க சம்சாரமா தச்சாங்க? நல்லாத் தச்சிருக்காங்க, தையல் சின்னச் சின்னதா, அக்கறையா. என்ன சார் டயட்டா? வேணும்னு எளைக்கிறவன் புதுப் பேண்ட்டு வாங்கி ஊருக்கே காட்டுவான் சார். தெரியாம எளைக்கிறவன்தான் பெல்ட்டுல ஓட்டை போடுவான்.

அட, கோவிக்காதீங்க. அலைச்சல்தான். வெயில்தான். சரி, வயசும்தான். எல்லாம் நீங்க சொல்றதுதான்.

இந்தக் கர்ச்சீப்பு?

எந்திரிக்காதீங்க சார். உக்காருங்க. இது உங்களதுதான், சட்டைக்கு உள்ள சுருட்டி வச்சு அனுப்பியிருந்தீங்க. சலவைச் சீட்டுல காபிக் கறைன்னு எழுதியிருந்ததா நெட்டை படிச்சுச் சொன்னா. நானும் நம்பி, காபின்னா வெந்நீருதானேன்னு கொதிக்கக் கொதிக்க ஊத்தி சோப்பு போட்டேன். காபின்னா கறை போயிருக்கணும். இது என்னடான்னா பழுப்பா கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. பதினோரு வருஷத்துல வெந்நீரு பட்டு இப்படிப் புடிச்சுக்கிற கறை எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும் சார். அதுக்குப் பச்சத்தண்ணிதான் ஊத்தணும். மூக்கு ஒடஞ்சவன் சட்டை, சவரத்துல வெட்டிக்கிட்டவன் துண்டு, எல்லாத்துக்கும் பச்சத்தண்ணி.

காபி குடிச்சு வாந்தி எடுத்தீங்களா, இல்ல வாந்தியே காபித்தூள் மாதிரி வந்துச்சா?

எப்ப? நேத்தா. முந்தாநேத்தும். வெளிக்குப் போறது? வெக்கப்படாதீங்க சார், நான் பாக்காத வேட்டியா, படுக்கை விரிப்பா. கறுப்பா? தாரு மாதிரியா?

சரி. ஒரு நிமிஷம் இருங்க, ஹோட்டல் டிரைவருக்கு ஒரு போன் போட்டுக்கிறேன். அண்ணே, டிரைவரண்ணே, எங்க இருக்கீங்க? ஸ்டேஷன்லயா? ஆளு இறங்கியாச்சுல்ல, அப்ப வண்டியத் திருப்பிக்கிட்டு நேரா சலவைக் கதவுக்கு வாங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். எனக்கில்லண்ணே, எனக்கு நோவு வந்தா நோவுதான் ஓடிப்போகும். ஒரு சாரு. ஆமா. அவசரம்தான். மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க மொதல்ல கிளம்புங்க. எவ்வளவு நேரம்? பதினஞ்சு நிமிஷம். வாங்க.

பஸ்ஸு போனா போகட்டும் சார். நாளைக்கும் அதே பஸ்ஸு அதே மூணு மணிக்குத்தான் போகும், அதுக்கு வேற வேலை கெடையாது. நீங்க போன் பண்ணி உங்க சம்சாரத்துகிட்ட சொல்லிடுங்க. அப்புறம் சொல்றீங்களா, சரி, வண்டியில ஏறிச் சொல்லுங்க. இல்ல சார், தண்ணி தர மாட்டேன். வாய் வழியா குழாய் விட்டுப் பாக்கணும்னா வயிறு காலியா இருக்கணும்பாங்க, டாக்டரு சொன்ன பிறகு குடிங்க. அப்படியே சாஞ்சுக்கோங்க. மூட்டை கோவிச்சுக்காது. தலை சுத்துற மாதிரி இருந்தா ஒடனே சொல்லணும், ஆம்பளத்தனம் காட்டிக்கிட்டு இருக்கக் கூடாது.

என்னது, மாத்திரை போட்டா எரிச்சலே இல்லையேன்னா? அதத்தான் சார் சொல்ல வர்றேன். அந்த வேற கதையச் சொல்றேன், கேளுங்க. வண்டி வர்ற வரைக்கும் எனக்கும் வாய் சும்மா இருக்காது.

எங்க வீட்டுக்காரரு இங்கதான் வேல பாத்தாரு. அதோ அந்தப் பெரிய பிரஸ் மெஷின் தெரியுதா, விரிப்பெல்லாம் ஒரு பக்கம் விட்டா மறு பக்கம் தகடு மாதிரி வருமே, அதுலதான் நிப்பாரு. வாட்டசாட்டமான ஆளு. பேச்சுதான் வராது. கல்யாணத்தன்னிக்கு என்னப் பாத்து அவரு பேசுன மொத வார்த்த, நகரு. என் முந்தானைய மிதிச்சுக்கிட்டு இருந்தாரு, அதுக்கு. எங்க வீட்டுல பேசுறது என் பங்கு, தலையாட்டுறது அவரு பங்கு. இருபத்தி ரெண்டு வருஷம், சண்டையே கெடையாது சார். ஒரு கை எப்படித் தட்டும்?

அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாளு நெஞ்சுக்குக் கீழ கைய வச்சுக்கிட்டு, இங்க எரியுதுன்னாரு. அவரு ரெண்டு வார்த்த சேந்தாப்புல பேசினாலே நான் பயந்திருக்கணும். நான் என்ன பண்ணேன்? டப்பாவத் தொறந்தேன். பழுப்பும் வெள்ளையும் ஒண்ணு. மறுநாளு, எப்படி இருக்குன்னேன். தலையாட்டினாரு. அவ்வளவுதான், எனக்குத் தல கால் புரியல. நெட்டைய மடக்கிப்போட்ட டாக்டரம்மா கடைசியில புருஷனக் குணப்படுத்திட்டான்னு இங்க ஒரே பேச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு ஒருதரம் கேட்டேன். அரைநாள் லீவு போடணும், வரிசையில நிக்கணும், இப்பத்தான் எரியலையேன்னாரு. சரிதான்னுட்டேன். பாக்கெட்டுல கெடைக்காத வாரத்துல மட்டும் எரியும்பாரு. அப்ப காலி அட்டைய எடுத்துக்கிட்டு உங்கள மாதிரியே கடைக்கு ஓடுவேன். கடைக்காரன் மூஞ்சியப் பாக்க மாட்டான், அட்டையத்தான் பாப்பான். குடுத்துடுவான். ஒரு நாளு தவற விடல சார். நான் சாப்பிட மறந்தாலும் அவருக்கு மாத்திரை மறக்க மாட்டேன். காலையில எந்திரிச்சு, அவரு கைய நீட்டுவாரு, நான் வைப்பேன். இப்படி ஒரு வருஷம் எட்டு மாசம்.

நடுவுல எளைச்சாரு. வேலைக்குப் போடுற பேண்ட்ட நான்தான் புடிச்சுத் தச்சேன். தைக்கும்போது கிண்டல் வேற, ஏங்க, விரிப்போட சேத்து உங்களையும் மெஷின்ல விட்டு எடுத்துட்டாங்களான்னு. சிரிச்சாரு. ரெண்டாவது தடவ தச்சேன். அப்பவும் கிண்டல்தான். ஊரான் துணியையெல்லாம் படிக்கிறேன்னு பீத்திக்கிறேனே சார், என் வீட்டுத் துணிய என் மடியில வச்சே தச்சேன், ஒரு எழுத்து படிக்கல.

அப்புறம் சோறு தொண்டையில நிக்குதுன்னாரு. மெல்லாம முழுங்குனா நிக்காம என்ன பண்ணும்னு திட்டினேன். சோத்தக் கொழைச்சுக் குடுத்தேன். மாத்திரையும் எறங்கலன்னாரு. என் மூளை இருக்கே, அத ஊறுகாதான் போடணும். கேப்சூலப் பிரிச்சா உள்ள பொடிப் பொடியா உருண்டை இருக்கும் பாத்திருக்கீங்களா, அத கரண்டியால நல்லா நசுக்கி, சூடான பாலுல கலக்கிக் குடுத்தேன். எவ்வளவு பாசம் பாருங்க. அந்த உருண்டை ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு பூச்சு இருக்காம் சார். வயித்துல கரையாம தாண்டிப்போய் வேல செய்யுறதுக்காம். நசுக்கினா மருந்து அங்கயே செத்துடுமாம். அதுக்கப்புறம் அவருக்கு எரிய ஆரம்பிச்சதுக்கு அதான் காரணமோ என்னமோ. எரிஞ்ச பிறகுதான் சார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் ஒழுங்கா குடுத்த வரைக்கும் போகல. நசுக்கிக் கெடுத்த பிறகுதான் போனோம்.

குழாய் விட்டுப் பாத்தாங்க. வெளிய வந்த டாக்டரு என்னத் தனியாக் கூப்பிட்டு பக்கத்துல ஒக்கார வச்சாரு. டாக்டருங்க நம்மள ஒக்கார வச்சாலே நல்ல சேதி இல்ல சார்.

இல்ல, மாத்திரையால வந்ததில்ல. நானும் அதத்தான் மொதல்ல கேட்டேன், ஆனா யாரோ சொன்ன மாதிரி கேட்டேன். மாத்திரை கெட்டதில்லம்மா, தேவப்படுறவங்களுக்கு அது நல்ல மருந்து, வருஷக்கணக்கா போடுறவங்களும் இருக்காங்க, ஆனா டாக்டரு அப்பப்பப் பாத்துக்கிட்டே இருக்கணும்னாரு. பாக்காம நாமளாப் போட்டுக்கிட்டே இருந்தா, உள்ள இருக்கிற கட்டி எரிச்சலாக் காட்டிக் குடுக்கிறத இது மறைச்சிடும்னாரு. நோவு கத்திக்கிட்டு இருந்திருக்கு சார், நான் தெனமும் காலையில அதோட வாயப் பொத்தியிருக்கேன். ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாம்னாரு. எளைக்கிறது, சோறு எறங்காதது, கறுப்பாப் போறது, ரத்தமா காபித்தூளா வாந்தி, இதுல ஒண்ணு வந்தாலும் மாத்திரையத் தேடாம டாக்டரத் தேடணும்னாரு. எல்லாத்தயும் மனப்பாடமா வச்சிருக்கேன். எப்ப? எல்லாம் முடிஞ்ச பிறகு.

ஏழு மாசம் இருந்தாரு. போயி ரெண்டு வருஷம் ஆகுது.

அடடே, நீங்க ஏன் சார் கண்ணக் கசக்குறீங்க. உங்களுக்கு அதுவா இருக்கணும்னு ஒண்ணுமில்ல. முதுகுவலி மாத்திரைய அவ்வளவு முழுங்கியிருக்கீங்க, அதுல வயித்துல புண்ணு வந்து ரத்தம் கசியும்னு சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அன்னிக்கே சொல்லுச்சு. புண்ணுன்னா ஆத்திடலாம். எங்க மெஷின்காரருக்கு ஆத்தி அனுப்பிச்சாங்க, இப்ப கல்லத் தின்னாலும் செரிக்குது. ஆனா புண்ணா வேறயான்னு நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. உள்ள பாக்கறவங்கதான் சொல்லணும். அதுவும் இன்னிக்கே. ஊருக்குப் போயி பாத்துக்கலாம்னா, வழியில அந்தப் பஸ்ஸுல ஒண்ணு ஆச்சுன்னா யாரு இருக்கா?

இந்தாங்க, அட்டை. உங்களோடது. போடச் சொல்லித் தரல, போடாதன்னும் சொல்லல, அதச் சொல்ல நான் யாரு. டாக்டரு கையில குடுங்க. முதுகுவலி மாத்திரை அட்டையையும் சேத்துக் காட்டுங்க. கர்ச்சீப்பையும் கவருல போட்டு வச்சிருக்கேன், அதையும் காட்டுங்க. வாயால சொல்ல வெக்கமா இருந்தா துணி சொல்லும்.

ஆனா சார், ஒண்ணே ஒண்ணு. அங்க கேப்பாங்க, எத்தன நாளா போடுறீங்க, யாரு குடுத்தாங்க, எதுக்காகன்னு. மறைக்காம சொல்லிடுங்க. ஒரு மாசத்துக்கு எழுதுனத ஒன்ற வருஷம் போட்டேன்னு அப்படியே சொல்லுங்க. திட்டினா திட்டட்டும். திட்டு வாங்கி யாரும் செத்ததில்ல.

நான் சொல்லல. எங்க வீட்டுக்காரரு கட்டில் பக்கத்துல வச்சு டாக்டரு எங்கிட்ட அதேதான் கேட்டாரு, ஏம்மா, இவ்வளவு நாளா இவரு எதாவது மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தாரான்னு. இவ்வளவு வாய் இருக்கே, அன்னிக்கு தொறக்கல சார். தெரியலைங்கன்னேன்.

வண்டி வந்துடுச்சு. ஹாரன் கேக்குதா, அதான். மெதுவா எந்திரிங்க, என் தோளப் புடிச்சுக்கோங்க. பரவால்ல, இது மூட்டை தூக்குற தோளு. ஏ நெட்டை, அந்தக் கதவத் தொறந்து புடி, நான் சாரோட ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வர்றேன். மேனேஜர் கேட்டா டாக்டரம்மா ரவுண்ட்ஸ் போயிருக்கான்னு சொல்லு.

படி இருக்கு சார், பாத்து. என்ன கேட்டீங்க? எங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமாவா?

நான் தெரியலைங்கன்னு சொன்னப்ப அவரு கட்டில்ல முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. பேசவே பேசாத மனுஷன் அன்னிக்குப் பேசினாரு. அவளுக்கா சார் தெரியாது, அவதானே குடுத்தா, ஒரு நாளு தவறாம குடுத்தா, அவ கையால குடுத்ததாலதான் நான் இவ்வளவு நாளாவது ஓடுனேன்னாரு. டாக்டரு என்னப் பாத்தாரு. அந்த மாத்திரைதான் நோவ மறைச்சதுன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லல, நல்ல மனுஷன். அப்புறம் ஏழு மாசமும் வர்ற நர்ஸு, பாக்க வர்ற சொந்தம், பக்கத்துக் கட்டில்காரன், எல்லார்கிட்டயும் அதையே சொன்னாரு, எம் பொண்டாட்டி மாதிரி யாரும் பாத்துக்க முடியாதுன்னு. நான் பக்கத்துல நின்னு தலையாட்டிக்கிட்டு இருந்தேன்.

குனிஞ்சு ஏறுங்க சார், தல இடிக்கும்.